பீகலா, காக்கரா? மலேசியாவின் பாடாங் செராய் வாசகிக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: டாக்டர், வணக்கம். நாங்கள் பாடாங் செராயில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வரிசை வீட்டில் இருக்கிறோம். பின் வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம்தான். என் கணவருக்குக் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் வேலை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் என் அத்தை. வயது 68, மூட்டு வலி உண்டு. ஒரு பக்கம் சீனக் குடும்பம், மறுபக்கம் வயதான மலாய்த் தம்பதியர், எங்களோடு நல்ல பழக்கம். மகன் இரண்டு வருஷமாகப் பீகல் நாய் வேண்டும் என்கிறான். எனக்குக் காக்கர் ஸ்பேனியல் பிடித்திருக்கிறது. எது சத்தம் போடாது? எதற்கு நோய் குறைவு? நாயை வீட்டுக்குள் விடக்கூடாது, கார் நிறுத்தும் இடத்தில் கட்டி வளர்க்கலாம் என்கிறார் அத்தை. எதை வாங்குவது?

(கடிதத்தின் அடியில் பென்சிலில், வேறு கையெழுத்தில்: "டாக்டர், பீகல்தான்.")

பதில்:

அன்புள்ள சகோதரி,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குக் காக்கர் ஸ்பேனியல். ஆனால் நாய் வெளியில்தான் கிடக்க வேண்டும் என்ற அத்தையின் நிபந்தனை மாறினால்தான் அதுவும். மாறாது என்றால் இரண்டுமே வேண்டாம். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மகனுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் குட்டியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் முகத்தைப் பார்த்து வாங்கியவர்கள். பீகலுக்கும் காக்கருக்கும் முகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டுக்கும் தொங்கும் காது, இரண்டுக்கும் கெஞ்சும் கண். ஆனால் இந்த இரண்டு இனத்தையும் மனிதர்கள் வளர்த்தெடுத்தது முகத்துக்காக இல்லை, ஒரு வேலைக்காக. இன்று அந்த வேலை இல்லை. உடம்பு மட்டும் அதை மறக்கவில்லை. நம் தாத்தாக்களைப் பாருங்கள், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து விடியற்காலை ஆள்கணக்குக்கு, போவதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக விழித்துக்கொள்வார்கள். நாயும் அப்படித்தான். அந்த வேலை என்ன, அது உங்கள் வீட்டில் எங்கே போய் முட்டும் என்று பார்த்துவிட்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

பீகல் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டது. குதிரை இல்லாமல் நடந்தே போகும் வேட்டைக்காரர்களுக்கான நாய். கூட்டமாகத்தான் போகும். முயல் கண்ணுக்குத் தெரியாத தூரம் ஓடிவிட்ட பிறகும், அது மிதித்துப் போன புல்லில் மூக்கை வைத்தபடி விடாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆள் எங்கோ பின்னால் மூச்சு வாங்க வருவார். அவருக்கு 'இந்தப் பக்கம்தான், வா' என்று சொல்ல ஒரு குரல் வேண்டுமே, அந்தக் குரல்தான் பீகலின் ஊளை. சாதாரணக் குரைப்பு இல்லை அது. நீட்டி இழுத்து, அடித்தொண்டையிலிருந்து வந்து, இரண்டு சந்து தள்ளிக் கேட்கும். பீகலைக் கூச்சல் போடாதே என்று அடக்கப் பார்ப்பது சேவலைக் கூவாதே என்று சொல்வதைப் போலத்தான். பழக்கினால் குறையும், நிற்காது.

உங்கள் கடிதத்தில் 'ஷிப்ட் வேலை' என்ற சொல்லைப் படித்ததுமே எனக்கு இதுதான் தோன்றியது. இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுக்கும் மனிதர் மதியம் வரையாவது தூங்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில், நீங்களும் பள்ளியில். துணைக்கு ஆள் இல்லை என்று தோன்றியதும் பீகல் ஊளையிடும், ஏனென்றால் அது கூட்டத்தில் வாழப் பிறந்தது. குப்பை லாரி வந்தால் ஊளையிடும், பின்னால் தோட்டத்தில் ஓர் உடும்பு போனால் ஊளையிடும். முதல் மாதம் சமாளிப்பீர்கள். ஆறாம் மாதம் வீட்டில் சண்டை வரும், கடைசியில் நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு வரும். கொடுக்க வந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். நாய்க்குப் பெரிய குறை ஒன்றும் இருக்காது. அந்த வீட்டுக்கு அது சரிப்படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, அந்த மூக்கு. மனிதன் மூக்கில் வாசனை அறியும் செல்கள் சுமார் 50 லட்சம் என்பார்கள். பீகலுக்குச் சுமார் 22 கோடி. அமெரிக்க விவசாயத் துறை 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் ஒளித்துக் கொண்டுவரும் பழம், இறைச்சி ஆகியவற்றைக் கண்டுபிடிக்கப் பீகல்களைத்தான் இறக்கியது. அப்படிப்பட்ட மூக்கை நீங்கள் ஒரு செம்பனைத் தோட்டத்தின் வேலியோரம் கொண்டுவந்து வைக்கிறீர்கள். உதிர்ந்த பழம், எலி, காட்டுப்பன்றி, மரநாய் என்று அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு காற்றும் அதைக் கூப்பிடும். வாசனை பிடித்துவிட்ட பீகலுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழாது. அடம் பிடிக்கிறது என்று நினைத்து அடிப்பார்கள். அது அடம் இல்லை, அந்த நேரத்தில் அதற்கு மூக்கைத் தவிர வேறு உலகமே இல்லை.

தோட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். பழக்குலைகளை எலி தின்னும் என்பதால் பல தோட்டங்களில் எலி மருந்து வைப்பார்கள். சில தோட்டங்கள் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகைகளைக் குடிவைத்து எலியைக் குறைக்கின்றன, அது நல்ல வழி. ஆனாலும் மருந்து வைக்கும் வழக்கம் போகவில்லை. எலி தின்ன வேண்டும் என்று ருசியாகச் செய்த பொருள் அது, நாய்க்கும் ருசிக்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பீகல் என்னிடம் வந்தது. நான்கு வயது ஆண் நாய். சமையல் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்காகக் கேட்டைத் திறந்த நேரத்தில் நழுவித் தோட்டத்துக்குள் ஓடி, இரண்டு மணி நேரம் கழித்துச் சேறும் சிரிப்புமாக வீடு திரும்பியிருக்கிறது. குளிப்பாட்டி, சோறு போட்டு, எல்லாம் சரி என்று விட்டுவிட்டார்கள். நான்காம் நாள் காலையில் படுத்த இடத்தை விட்டு எழவில்லை. மேசையில் கிடத்தி உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். உரித்த வாழைத்தண்டு போல வெளுத்துக் கிடந்தது. அடிவயிற்றில் நீலமாய்க் கையகலக் கறை. இரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தி, பத்து நிமிஷம் கழித்து எடுத்தால், இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

எலி மருந்தில் பெரும்பாலானவை செய்வது இதைத்தான். இரத்தம் உறைவதற்கு உடம்புக்கு வைட்டமின் கே வேண்டும். மருந்து அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியை அடைத்துவிடும். ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் இருப்பு தீர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும், பிறகு சட்டென்று விழும். அந்தப் பீகலுக்கு இரத்தம் கொடுத்தது எங்கள் கிளினிக்கில் வளரும் நாட்டு நாய். அப்புறம் நான்கு வாரம் வைட்டமின் கே மாத்திரை. பிழைத்துவிட்டது. எந்த நாய் வளர்த்தாலும் இதை நினைவில் வையுங்கள்: தோட்டத்துக்குள் போய் வந்த நாய் நன்றாக இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கொண்டுவாருங்கள். தின்ற கொஞ்ச நேரத்துக்குள் வந்தால் வாந்தி எடுக்க வைத்தே பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம்.

எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். நம் பக்கத்து நாகங்களில் விஷத்தைத் துப்பும் வகை உண்டு. மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு புதருக்குள் போகும் நாய்க்கு அது கண்ணில்தான் படும். பட்டால் தாய்ப்பால், எலுமிச்சை என்று எதையும் விடாமல், பைப்பைத் திறந்து சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் கண்ணில் ஓடவிட்டு, நேராக மருத்துவரிடம் வாருங்கள்.

மூன்றாவது, சாப்பாடு. பீகல் வயிறு நிறைந்து எழுந்து போனதாக நான் பார்த்ததில்லை. பதினோரு கிலோ பீகலுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு ரொட்டி சானாயிலேயே சுமார் 300 கலோரி இருக்கிறது. அன்பான பாட்டி இருக்கும் வீட்டில், காலையில் ஒரு ரொட்டி, மாலையில் தேத்தண்ணியோடு இரண்டு பிஸ்கட் என்று போனால், ஒரு வருஷத்தில் அது நடக்கும் பீப்பாய் ஆகிவிடும். பீகலுக்கு முதுகெலும்புத் தட்டு நழுவும் ஆபத்து ஏற்கெனவே உண்டு, எடை கூடினால் அது இன்னும் மோசம். டுரியான் கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்ட பீகலை அறுத்து எடுத்திருக்கிறேன். சாக்லெட், கொக்கோத் தூள், வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை எல்லாம் எந்த நாய்க்கும் விஷம். மற்ற நாய் முகர்ந்து பார்த்து விடுமோ என்னவோ, பீகல் விடாது.

இவ்வளவு சொன்னதால் பீகல் கெட்ட நாய் என்று மகனிடம் சொல்லிவிடாதீர்கள். குழந்தைகளோடு அதைப் போலப் பொறுமையாக இருக்கும் நாய் குறைவு. கட்டை முடி, பராமரிப்பு சுலபம், 12 முதல் 15 வருஷம் வாழும். காலையும் மாலையும் முழுதாக ஒரு மணி நேரம் நடக்க ஆள், சுற்றிலும் சுவர், பகலில் யாரும் தூங்காத வீடு, துணைக்கு இன்னொரு நாய் என்று இருந்தால் நானே பீகலை வாங்கச் சொல்லியிருப்பேன்.

இப்போது காக்கர். இதுவும் வேட்டை நாய்தான், ஆனால் வேறு மாதிரி வேட்டை. 'உட்காக்' என்ற பறவையின் பெயரிலிருந்து வந்த பெயர் இது. புதருக்குள் நுழைந்து பறவையைக் கிளப்பிவிடுவதும், சுட்டு விழுந்ததை வாயில் நோகாமல் கவ்வி எடுத்து வருவதும் இதன் வேலை. பறவை துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள் எழும்ப வேண்டும், அதனால் இந்த நாய் ஆளை விட்டு வெகுதூரம் போகக் கூடாது. பத்து அடி போகும், திரும்பி முகத்தைப் பார்க்கும், மறுபடி போகும். தலைமுறை தலைமுறையாக அப்படியே தேர்ந்தெடுத்து வந்ததால், இன்றைக்கும் காக்கர் ஆளை ஒட்டிக்கொண்டே இருக்கும் நாய். சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு வரும், துணி காயப்போடப் போனால் கூடவே வரும்.

பகல் முழுக்க வீட்டில் இருக்கும் உங்கள் அத்தைக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது. கேட்டில் யாராவது வந்தால் காக்கர் குரைக்கும், ஆள் உள்ளே வந்ததும் வாலை ஆட்டும், முடிந்தது. குரைக்காத நாய் என்று உலகத்தில் ஒன்று இல்லை, சகோதரி. தூங்குகிறவரை எழுப்புமா என்று கேட்டால், பக்கத்தில் ஆள் இருக்கும் காக்கர் பெரும்பாலும் தானும் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் காக்கருக்குக் கேட்கும் விலை வேறு. அது காது.

நாயின் காதுக்குழாய் நம்முடையதைப் போல நேராக உள்ளே போகாது. கீழே இறங்கி, பிறகு மடங்கி, 'ட' எழுத்தைப் போல ஒரு திருப்பம் எடுத்து உள்ளே போகும். காக்கருக்கு அதன்மேல் கனமான மடல் மூடியிருக்கிறது, மடல் முழுக்க முடி, குழாய்க்குள்ளும் முடி, மெழுகு சுரப்பிகளும் அதிகம். நம் ஊர் ஈரக் காற்றையும் சேர்த்தால் அது பூஞ்சைக்குக் கட்டிக்கொடுத்த வீடு. முதலில் நாய் தலையை உதறும். பிறகு காதைத் தரையில் தேய்க்கும். மடலைத் தூக்கினால் புளித்த மாவு வாசனை வரும். அதை அசட்டையாக விட்டால் உதறி உதறி மடலுக்குள் இரத்தம் கட்டி, பணியாரம் போல வீங்கிவிடும். வருஷக்கணக்கில் விட்டால் குழாய் தடித்து அடைத்து, அறுவைதான் வழி என்று ஆகும்.

செய்ய வேண்டியது கடினமானது இல்லை, விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் வாங்கிய காது கழுவும் திரவத்தைக் குழாய் நிரம்ப ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து பிசைந்தால் 'சளக் சளக்' என்று சத்தம் கேட்கும். அரை நிமிஷம் பிசைந்து விட்டுவிட்டால் நாயே உதறி அழுக்கை மேலே கொண்டுவரும். பஞ்சால் துடைத்தால் போதும். காது குடையும் குச்சியை உள்ளே விடாதீர்கள், அது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். அத்தை நல்லெண்ணெயைக் காய்ச்சி விடலாம் என்பார், நம் வீடுகளில் அப்படித்தான் வழக்கம். என் அம்மாவும் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) நாய்க்கு விட்டவர்தான். நாய்க் காதில் எண்ணெய் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். குளித்த பிறகும் மழையில் நனைந்த பிறகும் காதைத் துடைத்து உலரவையுங்கள். சோறு போடும் வட்டிலைக் குறுகலாக, ஆழமாக வாங்கினால் காது மடல் இரண்டு பக்கமும் வெளியே தொங்கும், குழம்பில் நனையாது.

முடியை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டும். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் வெட்டுகிற கடைகள் இருக்கின்றன. அந்தச் செலவை இப்போதே மாதக் கணக்கில் எழுதிவிடுங்கள். வயிற்றிலும் காலிலும் காதிலும் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள். படத்தில் வருவதைப் போலத் தரையைத் தொடும் பாவாடை நம் வெயிலுக்கு வேண்டாம். குட்டையாக இருந்தால் உண்ணி தெரியும், அதுதான் பெரிய லாபம். மகளுக்கு ஆறு வயது என்கிறீர்கள். ஒரு சீப்பைக் கொடுத்துவிட்டால் மாலையில் அவளே சீவிவிடுவாள்.

எதற்கு நோய் குறைவு என்று கேட்டீர்கள். பரம்பரையாக வரும் நோய் இரண்டுக்கும் உண்டு. பீகலுக்கு வலிப்பு, தைராய்டு குறைவு, கண்ணோரம் சிவப்பாகப் பிதுங்கும் சுரப்பி. காக்கருக்கு விழித்திரை மெல்ல மெல்லச் செத்துப் பார்வை போகும் ஒரு நோயும், இளம் வயதிலேயே சிறுநீரகம் பழுதாகும் ஒரு நோயும் இருக்கின்றன. இந்த இரண்டையும் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தேய்த்து எடுத்து மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம். தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டிக்கு நோய் வரும்; ஒன்று சுத்தமாக இருந்தாலே போதும். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, பெற்ற நாய்களின் சோதனைத் தாளை. அது என்ன தாள் என்று திருப்பிக் கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

இனத்தைவிட ஊர்தான் அதிக நோய் கொடுக்கும் என்பது என் அனுபவம். என் மேசைக்கு வரும் காய்ச்சல்களில் உண்ணிக் காய்ச்சல்தான் முதலிடம். பழுப்பு நிற உண்ணி ஒன்று கடித்தால் போதும். இரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்து, மூக்கில் இரத்தம் வரும் வரை போய்விடும். அந்த உண்ணி புல்லில் மட்டும் இல்லை, வீட்டுச் சுவரின் வெடிப்பிலும் முட்டையிட்டுக் குடியிருக்கும். மாதத்துக்கு ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. வலிப்பு வரும் நாய் என்றால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கொசுவால் வரும் இதயப்புழுவுக்கு மாதாமாதம் தடுப்பு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலுக்கு வருஷாவருஷம் ஊசி. தோட்டத்து ஓரத்தில் இருக்கிறீர்கள், இதைத் தவறவிடாதீர்கள், அது மனிதருக்கும் தொற்றும். வெறிநாய் நோய்க்கான ஊசியும் கட்டாயம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் அந்த நோய் தலைகாட்டியது உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி அத்தையின் நிபந்தனைக்கு வருகிறேன். கார் நிறுத்தும் இடத்தில் கட்டிப்போட்டு வளர்ப்பது நம் லயங்களில் இருந்த வழக்கம் இல்லை, சகோதரி. நான் கூலிம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் லயத்து நாயை யாரும் கட்டியதில்லை. விடியலில் அப்பாவோடு வெட்டுக்குப் போகும், பால் எடுத்து முடியும் வரை மரத்தடியில் படுத்திருக்கும், மதியம் அவரோடு திரும்பும். அதற்கு வேலை இருந்தது, கூட ஆள் இருந்தது. சங்கிலி பிற்பாடு வந்தது, நாம் தாமானுக்குக் குடிவந்து கேட் போட்ட பிறகு. சிமெண்ட் தரையில், மதிய வெயிலில், ஒரு மீட்டர் சங்கிலியில் கிடக்கும் காக்கர் முதலில் அழும், பிறகு காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும், பிறகு கிட்டே போகும் குழந்தையைக் கடிக்கும். ஒரு பிராணியை வைத்திருப்பவர் அதற்கு ஏற்ற இடத்தையும், அதன் இயல்புப்படி இருக்க வழியையும் தர வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமே சொல்கிறது. ஆனால் அத்தையிடம் சட்டம் பேச வேண்டாம்.

அவர் மனதில் இருப்பது பூசையறைச் சுத்தமாகத்தான் இருக்கும். அது மதிக்க வேண்டிய கவலை. பூசையறைக்கும் சமையலறைக்கும் முன்னால் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்றை மாட்டுங்கள். குட்டி வந்த முதல் நாளிலிருந்தே அந்தக் கோட்டைத் தாண்டாமல் பழகிவிட்டால் அது வாழ்நாள் முழுக்கத் தாண்டாது. காக்கர் சொன்னதைக் கேட்கும் நாய். கூடத்தில் ஒரு மூலை, ஒரு பாய், மின்விசிறியின் காற்று, அவ்வளவுதான் அது கேட்கும். பைரவரின் வாகனம் என்று அத்தைக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, என்னையும் உங்களையும்விட அவருக்கு அது நன்றாகத் தெரியும். குட்டி வாங்கும் முன் ஒருமுறை ஏதாவது வீட்டில் வளர்ந்த காக்கரை அவர் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அப்புறம் முடிவை அவரே எடுக்கட்டும். பகல் முழுக்க அதோடு இருக்கப்போவது அவர்தானே, அவர் சம்மதம் இல்லாமல் இது நடக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் காப்பாற்றுங்கள். நாயை வெளியே நடத்திக்கொண்டு போக அவர் வேண்டாம். பதினான்கு கிலோ நாய் ஒரு பூனையைப் பார்த்து இழுத்தால், மூட்டு வலி உள்ளவர் விழுந்துவிடுவார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பெரிய துன்பம். நடத்துவது மகன் வேலை, உங்கள் துணையோடு. காலையில் பள்ளிக்கு முன் அரை மணி, மாலை ஆறரைக்கு மேல் அரை மணி. வெளியே போகும் முன் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். நீங்கள் ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

பக்கத்து வீட்டு மலாய்த் தம்பதியரைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. குட்டி வருவதற்கு முன்பே, வாங்கிய பிறகு அல்ல, ஒரு மாலை போய் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள். நாயின் எச்சிலோ ஈர உடம்போ பட்டால் இஸ்லாமிய முறைப்படி அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். வயதானவர்களுக்கு அது சின்னச் சிரமம் இல்லை. ஆகவே அவர்கள் பக்கத்துக் கம்பி வேலியில் நாய் மூக்கை நுழைக்க முடியாதபடி இடுப்பளவுக்குத் தகடு அடியுங்கள். நாயைக் குளிப்பாட்டிய தண்ணீர் அவர்கள் வாசலுக்கு ஓடாமல் பின்பக்க லோங்கானுக்கு (சாக்கடைக்கு) போகட்டும். நடை போகும்போது அவர்கள் கேட்டைக் கடக்கும் வரை கயிற்றைச் சுருக்கிப் பிடிக்க மகனைப் பழக்குங்கள். கூலிம் நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுக்கும்போது, வரிசை வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம், அண்டை வீட்டார் சம்மதம் எழுத்தில் வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். மன்றத்துக்கு மன்றம் விதி வேறுபடும்.

குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தாயைக் கண்ணால் பாருங்கள், காட்ட மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் கை பட்டதும் பல்லைக் காட்டும் தாயின் குட்டியை, ஆறு வயதுப் பெண் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். காக்கர்களில் சிலவற்றுக்குத் தன் சோற்றையும் பொம்மையையும் யாரும் தொடக் கூடாது என்ற குணம் உண்டு. குட்டியிலேயே அது தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வட்டிலில் இன்னும் ருசியான ஒன்றை உங்கள் கையால் போட்டுப் பழக்கினால், மனிதக் கை கிட்டே வருவது நல்லது என்று அது கற்றுக்கொள்ளும். ஊசிகள் பதினாறு வாரம் முடியும் வரை தெருவில் இறக்க வேண்டாம், பார்வோ என்ற கொடிய தொற்றுநோய் காத்திருக்கும். தூக்கிக்கொண்டு போய்த் தெருவைக் காட்டுங்கள், லாரிச் சத்தம், கோயில் மேளம் எல்லாம் அப்போதே பழகட்டும். பிற்பாடு தீபாவளி வெடிச் சத்தத்தின்போது அது உங்களுக்கு உதவும்.

கடைசியாக, பென்சிலில் எழுதிய தம்பிக்கு.

தம்பி, உனக்குப் பீகல் கிடைக்கவில்லை என்று வருத்தமாகத்தான் இருக்கும். நான் மேலே எழுதிய அந்த எலி மருந்து தின்ற பீகலுக்கு இப்போது பதினொரு வயது. அதன் வீட்டுக்காரர்கள் வெளியூர் போகும்போதெல்லாம் என் கிளினிக்கில்தான் விட்டுவிட்டுப் போவார்கள். பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை அது இங்கே இருக்கும். அம்மாவோடு வா. என் கிளினிக்கின் பின்பக்கத்தில் புல் இருக்கிறது. ஒரு துண்டுக் கோழியை நீ எங்கே ஒளித்து வைத்தாலும் அது எப்படித் தேடி எடுக்கிறது என்று காட்டுகிறேன். காக்கருக்குக் காது கழுவுவதையும் அன்றைக்கே கற்றுக்கொடுத்துவிடுகிறேன். வரும்போது பீகலுக்கென்று ரொட்டி சானாய் மட்டும் வாங்கிவராதே.